இரவில் வீட்டில் பிடித்தார்கள், எஃப்.ஐ.ஆரில் காலையில் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக இருக்கிறது: வாரண்ட் இல்லாத சோதனை செல்லுமா?

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"போன வாரம் இரவு பத்தே முக்கால் மணிக்கு சாதாரண உடையில் நான்கு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். போலீஸ் என்றார்கள். வாரண்ட் எங்கே என்று கேட்டேன். 'இந்த கேஸுக்கு வாரண்ட் தேவையில்லை' என்று சொல்லிவிட்டு என் தம்பியின் அறையைக் கிளறினார்கள். அவனுக்கு 23 வயது, டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒரு பையையும் அவன் போனையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிப் போனார்கள். எங்களுக்கு எந்தக் காகிதமும் தரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால், அன்று காலை ஆறரை மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையில் பையோடு நின்றவனைப் பிடித்ததாகவும், பையில் 1.200 கிலோ கஞ்சா இருந்ததாகவும் எழுதியிருக்கிறது. வெற்றுத்தாளில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று தம்பி சொல்கிறான். வாரண்ட் இல்லாமல் வந்தது சரியா? சரியில்லை என்றால் கேஸ் நிற்காதா? மறுபடி வந்தால் என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையில் என்ன இருந்தது என்று நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. அதை உங்கள் வக்கீலிடம் மட்டும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே நான் எழுதுவது நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கான பதில்.

முதல் கேள்விக்குக் கசப்பான பதிலைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. "வாரண்ட் இல்லை" என்ற ஒற்றைக் காரணத்தால் இந்த வழக்கு விழாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது கோர்ட்டில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்கிற சட்டம், வாரண்ட் இல்லாமலே நுழையவும் தேடவும் கைப்பற்றவும் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அதிகாரியே எழுதி வைக்க வேண்டிய சில காகிதங்களை வைத்தது. அந்தக் காகிதங்கள் எழுதப்பட்டனவா, எப்போது எழுதப்பட்டன, அவற்றில் சொன்னது உண்மையா என்பதில்தான் உங்கள் தம்பியின் வழக்கே இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைவதைப் பற்றிப் பேசுவது 42-ஆம் பிரிவு. வருகிறவர் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் இருக்க வேண்டும். அந்தப் பதவிக்கு அரசு ஆணை மூலம் அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். தனக்கே நேரில் தெரிந்ததாலோ யாரோ தந்த தகவலாலோ, அந்த வீட்டில் போதைப்பொருள் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். தகவல் இன்னொருவர் தந்தது என்றால் அதை எழுத்தில் இறக்க வேண்டும். இது சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு. அஸ்தமனத்துக்குப் பிறகு என்றால் இன்னொரு படி கூடுதல்: வாரண்ட் வாங்கிக்கொண்டு வருவதற்குள் சரக்கை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று தான் நம்புவதற்கான காரணத்தையும் அதிகாரி எழுதி வைத்துவிட்டுத்தான் நுழையலாம். எழுதிய தகவலின் நகலும் காரணத்தின் நகலும் 72 மணி நேரத்துக்குள் அவருடைய நேர் மேலதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டும். 2001 திருத்தத்துக்கு முன்னால் "உடனடியாக" என்றிருந்ததைத்தான் 72 மணி நேரமாக்கினார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்தது இரவு பத்தே முக்காலுக்கு. ஆக, சட்டப்படி இரண்டு எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று தகவல், மற்றொன்று இரவில் வாரண்ட் இல்லாமல் போவதற்கான காரணம்.

இனி 43-ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் அல்லது வழியில் கொண்டுபோகும்போது பிடிப்பதைப் பற்றியது அது. பஸ், ஓட்டல், கடை, பொதுமக்கள் வந்துபோகும் எந்த இடமும் இதில் அடங்கும். இங்கே தகவலை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 72 மணி நேரக் கணக்கு இல்லை. இரவு பகல் வித்தியாசம் இல்லை. நம்பக் காரணம் இருந்தால் போதும், நிறுத்தலாம், சோதிக்கலாம், கைது செய்யலாம்.

வீட்டில் பிடித்தவனை பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக ஏன் எழுத வேண்டும் என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் சொல்வது உண்மையானால், இடத்தையும் நேரத்தையும் மாற்றியதன் மூலம் 42-ஆம் பிரிவின் சுமை முழுவதும் இறங்கிவிட்டது. ஆகவே "வாரண்ட் இல்லை" என்று கோர்ட்டில் வாதாடுவதில் பயன் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பிடித்ததற்கு வாரண்ட் எதற்கு என்று அரசு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். பிடித்தது வீட்டில், முந்தின இரவு பத்தே முக்காலுக்கு என்பதை உங்கள் தரப்பு நிலைநாட்ட வேண்டும். அது நிலைநாட்டப்பட்டால் இரண்டு விளைவுகள் வரும். 42-ஆம் பிரிவின் காகிதம் ஒன்றுகூட இல்லை என்றாகும். அதைவிட முக்கியம், போலீஸ் சாட்சி அடிப்படையிலேயே பொய் சொல்கிறார் என்றாகும்.

42-ஐ மீறினால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் தெளிவாக்கினார்கள். அவசரத்தில் கொஞ்சம் தாமதமாக எழுதினால், அந்தத் தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் இருந்தால் ஏற்கலாம். ஒன்றுமே எழுதவில்லை, மேலே அனுப்பவும் இல்லை என்றால் ஏற்க முடியாது. இடையில் ஒரு எச்சரிக்கை. டி.எஸ்.பி. போன்ற கெசட்டட் அதிகாரி தாமே முன்னின்று நடத்திய சோதனை என்றால் கதை மாறும். அவருக்கு 41-ஆம் பிரிவில் தனி அதிகாரம் உண்டு, 42-இன் நிபந்தனைகள் அவரைக் கட்டாது. அன்று வந்த நால்வரில் மூத்தவர் யார், என்ன பதவி என்பதை அதனால்தான் விசாரித்து வையுங்கள்.

சொந்தக் காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலையில் நின்றாலும் தனியார் வாகனம் "பொது வாகனம்" ஆகிவிடாது என்று 2021-இல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்கூட்டியே தகவல் கிடைத்து அப்படிப்பட்ட வண்டியைச் சோதித்தால் 42-இன்படி நடந்திருக்க வேண்டும். அந்த வழக்கில் ஒன்றுமே எழுதப்படாததால் விடுதலை கிடைத்தது.

அடுத்து 50-ஆம் பிரிவு. இதைப் பற்றி ஊரில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் பேசிக்கொள்கிறார்கள். உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால், "பக்கத்தில் உள்ள கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்பட உனக்கு உரிமை உண்டு" என்று சொல்ல வேண்டும். "விருப்பமா?" என்று கேட்பது போதாது, உரிமை என்பதைத் தெரிவிக்க வேண்டும். இதை 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010-இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. இருவர் மூவருக்குச் சேர்த்து ஒரே தாளில் கேட்பது செல்லாது. சோதனைக்கு வந்த குழுவிலேயே இருக்கிற அதிகாரியை "இவர் முன்னால் சோதிக்கலாமா" என்று மூன்றாவது வழியாகக் காட்டுவதும் செல்லாது. 2014-இல் பர்மானந்த் வழக்கில் வந்த தீர்ப்பு அது. பெண்ணைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும்.

ஆனால் கையில் வைத்திருந்த பை உடம்பு ஆகாது. 2005-இல் பவன் குமார் வழக்கில் சொன்னதை 2023-இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எஃப்.ஐ.ஆர். கஞ்சா பையில் இருந்தது என்று சொல்வதால், 50-ஆம் பிரிவை நம்பி உங்கள் வழக்கைக் கட்ட வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால், பலர் போல நீங்களும் அந்த ஒரு வாதத்திலேயே ஆறு மாதம் ஏமாந்து நிற்பீர்கள். ஆனாலும் அந்த 50-ஆம் பிரிவு நோட்டீசை வாங்கிப் பாருங்கள். தம்பி கையெழுத்திட்ட வெற்றுத்தாள்களில் ஒன்று அதுவாக இருக்கலாம். "நீங்களே சோதிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற வரி யார் கையெழுத்தில் இருக்கிறது? எழுத்து மேலே இருந்து நெருக்கிக்கொண்டு வந்து அவன் கையெழுத்துக்கு முன்னால் இடம் போதாமல் சுருங்குகிறதா? கையெழுத்து முதலில், எழுத்து பிறகு என்பதை அந்தச் சுருக்கமே காட்டிக் கொடுக்கும்.

மகஜரையும் இதே கண்ணோடு பாருங்கள். கைப்பற்றுதல் மகஜர் சம்பவ இடத்தில் எழுதப்படுவது. அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிவாகும், அதன் பிறகுதான் குற்ற எண் பிறக்கும். அப்படியிருக்க, ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் எழுதிய மகஜரின் தலையில், ஒன்பது மணிக்குப் பிறந்த குற்ற எண் அதே மையில், அதே கையெழுத்தில், வரிசை பிசகாமல் இருந்தால் அது எங்கே எழுதப்பட்டது? பிற்பாடு சேர்த்தது என்றால் இடைச்செருகல் போலத் தெரிய வேண்டும். இந்த ஒரு முரண்பாட்டை வைத்துச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்த தீர்ப்புகள் உண்டு. எடை போட்ட தராசு எங்கிருந்து வந்தது, யார் போய் எடுத்து வந்தார், ஜீப் கிளம்பியது லாக் புக்கிலும் ஸ்டேஷன் ஜெனரல் டைரியிலும் எத்தனை மணிக்குப் பதிவானது, காலை ஆறரைக்கு ஆள் நடமாட்டம் மிகுந்த பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் ஒருவர்கூட ஏன் சாட்சிக்கு வரவில்லை: குறுக்கு விசாரணையில் உங்கள் வக்கீல் கேட்க வேண்டியவை இவை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொது சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் போலீஸ் சாட்சியத்தைக் கோர்ட் தள்ளுவதில்லை. மற்ற முரண்களோடு சேரும்போதுதான் அதற்கு எடை வரும்.

எடை என்றதும், உங்கள் வழக்கின் மிகப் பெரிய எண்ணுக்கு வருவோம். கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு. இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. இடையில் உள்ளது இடைப்பட்ட அளவு. சிறிய அளவு என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்டது என்றால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். 1.200 கிலோ என்பது அந்தக் கோட்டுக்கு 200 கிராம்தான் மேலே நிற்கிறது. எனவே அந்த 200 கிராம் எங்கிருந்து வந்தது என்பதில் உயிரைக் கொடுத்துப் போராட வேண்டும்.

பையோடு எடை போட்டார்களா, பாலித்தீன் உறையோடு போட்டார்களா, வெறும் சரக்கை மட்டும் போட்டார்களா? சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று மகஜர் வர்ணிக்கிறதா, "காய்ந்த இலை, தண்டு, விதை, பூ கலந்தது" என்கிறதா? தடய அறிவியல் ஆய்வக அறிக்கை என்ன சொல்கிறது? ஈரமாகப் பிடித்தது காய்ந்தால் எடை குறையும். கோர்ட்டில் 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியலிட்டு, போட்டோ எடுத்து, மாதிரி எடுக்கும்போது எத்தனை கிராம் வந்தது என்பதை மகஜர் எடையோடு ஒப்பிட வேண்டும். 2022 விதிகளின்படி கஞ்சாவில் ஒவ்வொரு மாதிரியும் 24 கிராமுக்குக் குறையக் கூடாது, இரட்டையாக எடுக்க வேண்டும். மாதிரியை பஸ் ஸ்டாண்டிலேயே எடுத்துவிட்டதாக எழுதியிருந்தால் அது விதிக்கு விரோதம். 2016-இல் மோகன்லால் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி வருகிறது. ஆனால் 52ஏ மீறப்பட்டது என்பதால் மட்டும் வழக்கு தானாக விழாது, மற்ற சாட்சியம் வலுவாக இருந்தால் தண்டிக்கலாம் என்று 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே வழக்கில் சொல்லிவிட்டார்கள். இதையும் தனி ஆயுதமாக நம்பாமல், சங்கிலியில் ஒரு கண்ணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சட்டவிரோதமாகத் தேடினால் கிடைத்தது செல்லாது" என்று அமெரிக்கப் படங்களில் பார்க்கிறோமே, அது நம் நாட்டில் பொது விதி அல்ல. சோதனையில் முறைகேடு இருந்தாலும் கிடைத்த பொருள் சம்பந்தமுள்ளதாக இருந்தால் சாட்சியமாக ஏற்கலாம் என்பதுதான் பூரண்மல் வழக்கிலிருந்து நம் நிலை. என்.டி.பி.எஸ். சட்டத்தில் தண்டனை மிகக் கடுமையாக இருப்பதால் சில பாதுகாப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். 50-ஐ மீறிக் கைப்பற்றிய பொருளை வைத்திருந்ததற்கான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. 42-ஐ முழுதாகப் புறக்கணித்தால் வழக்கே பாதிக்கப்படும். 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அறிக்கை தரச் சொல்லும் 57-ஆம் பிரிவு போன்றவை மீறப்பட்டால், பாதிப்பு என்ன என்று காட்டினால்தான் பயன். எதற்கு எவ்வளவு பலம் என்று தெரிந்து வாதாடுகிற வக்கீல் உங்களுக்குத் தேவை.

வெற்றுத்தாள் கையெழுத்தை நினைத்து அதிகம் அஞ்ச வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரிகள் 67-ஆம் பிரிவில் வாங்குகிற வாக்குமூலமும் அப்படியே என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்திலிருந்து போன தோஃபான் சிங் வழக்குதான். ஆனாலும் அந்தத் தாள்களைப் பற்றி இப்போதே சிறையிலிருந்து தம்பி சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதி அனுப்பட்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்னதாக நினைப்பார்கள்.

கைதைப் பற்றி. 24 மணி நேரக் கணக்கில் உங்களுக்கு வாதம் இல்லை. இரவு பத்தே முக்காலிலிருந்து எண்ணினாலும் மறுநாள் ஐந்து மணிக்கு அது தாண்டவில்லை. ஆனால் கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரிகிற மொழியில் கொடுத்தார்களா என்று பாருங்கள். இது அரசியல் சாசனத்தின் 22(1) பிரிவு உரிமை. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கும், அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கும் இதை எல்லாக் குற்றங்களுக்கும் உரியதாக்கின. ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னாலாவது எழுத்தில் தந்திருக்க வேண்டும். அச்சடித்த கைது அறிக்கையில் "என்.டி.பி.எஸ். 20(பி)" என்று பிரிவு எண்ணை மட்டும் போடுவது காரணம் சொன்னதாகாது. இது இல்லை என்றால் ரிமாண்டே சட்டவிரோதம் என்று வாதாடலாம். உறவினருக்குத் தகவல் சொன்னதாக யார் பெயரை, எந்த நேரத்தை எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் பெயரைப் போட்டு "காலை எட்டு மணிக்குப் போனில்" என்று எழுதியிருந்தால், உங்கள் போனின் அழைப்புப் பதிவே அதைச் சோதித்துவிடும்.

ஜாமீன் விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் உண்டு. ஜாமீனை ஏறக்குறைய அடைத்துவிடுகிற 37-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை வணிக அளவுக்கும் வேறு சில குற்றங்களுக்கும்தான். 1.200 கிலோவுக்கு அது பொருந்தாது. வழக்கமான ஜாமீன் விதிகளின்படி சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம், அங்கே மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. முன்வழக்கு ஏதும் இல்லை, நிலையான வேலை, நிலையான முகவரி என்பதற்கு ஆதாரம் இணையுங்கள். ஒர்க்‌ஷாப் முதலாளியின் கடிதம் உதவும். குற்றப்பத்திரிகைக்கான 180 நாள் அவகாசமும் வணிக அளவு வழக்குகளுக்குத்தான். உங்கள் தம்பிக்கு 60 நாள் கணக்கு. முதல் ரிமாண்ட் தேதியையும் சேர்த்து எண்ணுங்கள். அறுபது முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் மறுநாள் காலை கோர்ட் திறந்ததும் அதையே காரணமாகக் காட்டும் ஜாமீன் மனு உள்ளே இருக்க வேண்டும். மதியம் அவர்கள் தாக்கல் செய்துவிட்டு, மனு அதற்குப் பிறகு போனால் அந்த உரிமை போய்விடும்.

இனி, இந்த வாரமே செய்ய வேண்டியது. இரண்டாவது வாரத்தில் இவற்றில் பாதி கிடைக்காது.

உங்கள் தெருவில் கேமரா உள்ள வீடு, கடை எது எது என்று இன்றே நடந்து பாருங்கள். பல கருவிகளில் பதினைந்து, முப்பது நாளில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பதிவை உரிமையாளரிடமே கேட்டு நகல் எடுங்கள். கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று உங்கள் போனை அருகில் வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வித்தியாசம் பின்னால் பெரிய வாதமாகும். பதிவை அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் வேண்டுகோள் கொடுங்கள். நகலை வெட்டி ஒட்டி வாட்ஸாப்பில் சுற்றவிட வேண்டாம். மூலப் பதிவுக்கும் அதற்கான சான்றிதழுக்கும்தான் கோர்ட்டில் மதிப்பு.

போலீஸ் ஸ்டேஷன் கேமராக்களைப் பொறுத்தவரை, 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நுழைவாயில், லாக்கப், வராந்தா உட்பட எல்லா இடத்திலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் காக்கச் சொன்னது. முந்தின இரவு பதினொன்றரை மணிக்கே உங்கள் தம்பி அங்கே இருந்தான் என்றால், காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் அவன் எப்படி நின்றான்? அந்தப் பதிவையும், தம்பியின் போன், வந்த அதிகாரிகளின் போன் ஆகியவற்றின் டவர் விவரங்களையும் பாதுகாக்கச் சொல்லி சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடுங்கள். மனுவின் வாசகத்தில் கவனம் வேண்டும். ஆவணத்தைக் கையில் தரச் சொல்லிக் கேட்டால், அதற்கான கட்டம் வரவில்லை என்று தள்ளக்கூடும். அழியாமல் பாதுகாக்கச் சொல்லித்தான் இப்போது கேட்க வேண்டும். வாங்குவது விசாரணையின்போது.

2024 ஜூலை முதல் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. பஸ் ஸ்டாண்ட் சோதனையின் வீடியோ எங்கே என்று கேளுங்கள். இருந்தால் அதில் வெளிச்சமும் இடமும் நேரமும் தெரியும். இல்லை என்றால், ஏன் இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் ஆளைக் கூட்டிப்போன இரவே, மூத்த வக்கீல்கள் "முதலில் தந்தி கொடு" என்பார்கள். தபால் முத்திரையில் நேரம் இருக்கும், அதை யாரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது. அந்த வேலையை இன்று மின்னஞ்சல் செய்யும். நீங்கள் அன்று இரவே யாருக்காவது போன் செய்தீர்களா, "தம்பியைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது" என்று மாமாவுக்கோ தோழிக்கோ வாட்ஸாப் அனுப்பினீர்களா? அந்தச் செய்தியில் நேரம் இருக்கிறது. அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி இன்றே மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் அனுப்புங்கள். கூடுதலாக ஒரு வார்த்தைகூட சேர்க்க வேண்டாம். நான்கு பேர் வந்தார்கள் என்றால் நான்கு, ஆறு என்று எழுதினால் அந்த ஒரு பொய்யில் மற்ற உண்மைகளும் போகும்.

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதித்திருப்பார்கள். அங்கே பதிவேட்டில் என்ன நேரம், எந்த ஊரில் எப்போது பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று வக்கீல் வாங்கிப் பார்க்கட்டும்.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கதவை அடைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்காதீர்கள், தடுத்ததாகத் தனி வழக்கு வரும். அடையாள அட்டை கேளுங்கள், பெயரையும் பதவியையும் உரக்கப் படியுங்கள். 112-க்கு அழைத்து "எங்கள் வீட்டுக்குப் போலீஸ் என்று இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், உண்மையா?" என்று கேளுங்கள். அந்த அழைப்பின் நேரம் அரசுப் பதிவிலேயே ஏறிவிடும். "எந்தப் பிரிவில் தேடுகிறீர்கள், தகவலை எழுதி வைத்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டார் இருவரைக் கூப்பிடுங்கள். தேடுவதற்கு முன் வந்த போலீஸார் தங்கள் கை, பைகளைக் காட்டச் சொல்லுங்கள். தேடும்போது கூடவே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. தள்ளி நின்று, மறைக்காமல், வீடியோ எடுங்கள். எடுத்துப்போகிற பொருளின் பட்டியலில் நகல் கேளுங்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட நேர்ந்தால் பக்கத்தில் உங்கள் கையாலேயே தேதியும் மணியும் எழுதுங்கள், காலியிடத்தைக் குறுக்கே கோடிட்டு அடையுங்கள்.

காரணமில்லாமல் வீடு புகுந்து தொல்லை தரும் அதிகாரிக்கு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 58-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு இளைஞனின் பத்தாண்டுக்கு எதிரே இது எவ்வளவு சிறியது என்பது வேதனையான விஷயம். ஆனாலும் பிரிவு இருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். முதலில் தம்பி வெளியே வரட்டும்.

"பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருகிற இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தம்பிக்கு உண்மையிலேயே பழக்கம் இருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சிறிய அளவு வழக்கில், தானே முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எடை ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கதவும் திறக்கும். ஜாமீனில் வந்தபின் இன்னொரு வழக்கில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். அது விழுந்தால் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் உள்ளேயே இருக்க நேரும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், பெண்ணான உங்களுக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, கைது அறிக்கை, உங்கள் போன், தெருக் கேமரா உள்ள வீடுகளின் முகவரி எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஜாமீன் மனுவுக்கு முன்பே, கேமரா பதிவைப் பாதுகாக்கும் மனுவைப் போடச் சொல்லுங்கள்.